காற்றாடியில் சிக்கிய இலை

பச்சைக் கார் செட்டை விட்டு நகரவே இல்லை என்று கணவன் சொன்னதைக் கோகிலவாணி ஒரு வாரம் நம்பினாள்.

டாக்ஸி ஓட்டும் ரமேஷ்குமார்தான் அந்தப் பேச்சைக் கிளப்பியவன். புதுச்சத்திரத்தில் அவள் நடத்தும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு ஹாரன் ரிப்பேருக்காக வந்தவன், ஏற்காட்டு மலைப்பாதையில் உங்க பச்சைக் காரைப் பார்த்தேனுங்க என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான். வீட்டில் கேட்டதற்கு ஆனந்தகுமார் சிரித்தான். பச்சையில் ஊருக்கு ஒரு கார்தான் இருக்கிறதா என்றான். அத்தோடு அவளும் விட்டுவிட்டாள்.

அந்தக் காருக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு ஆளுக்குரிய மரியாதை உண்டு. ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை ஓட்டிய இங்கிலீஷ் கார். எத்தனையோ கை மாறி, நாற்பது வருஷத்துக்கு முன்னால் வெண்ணந்தூர் குமாரசாமியிடம் வந்து சேர்ந்தது. அவர் காலமான பிறகு, ஊர்க்கோடியில் ஓடாமல் கிடக்கும் தறிக்கூடத்தை ஒட்டிய செட்டில் நிற்கிறது. சாவி அவர் மனைவி மாரக்காளின் பீரோவில் இருக்கிறது.

குமாரசாமிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஆனந்தகுமாருக்கு நூல் வியாபாரம். இளையவன் இளஞ்செழியன் சார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி இலக்கியா ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். கல்யாணமான மறுவருஷமே அவன் விமானம் ஏறிவிட்டதால், மாமியாரோடும் மூத்தவர்களோடும் ஒரே வீட்டில் இருக்கிறாள். நாளைக்கு நாலு தடவை ஃபோனைப் பார்ப்பாள். யாரும் பார்க்காதபோது அஞ்சாவது தடவையும் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பழைய கார்களின் அணிவகுப்பு. ஆனந்தகுமார் அதற்குப் பெயர் கொடுத்திருந்தான். ஒயரிங் வேலை முழுக்கக் கோகிலவாணியின் பொறுப்பு. சங்ககிரியில் அவள் அப்பாவின் லாரி ஒயரிங் பட்டறையில் வளர்ந்தவள், பாலிடெக்னிக் படித்தவள். சொந்தக் கடை வைத்த பிறகு, ஓடாத மோட்டாரைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

சனிக்கிழமை காலையில் இருவரும் செட்டில் இருந்தார்கள். ஹெட்லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாக டேஷ்போர்டில் ஹீட்டர் காற்றாடியின் குமிழை இழுத்தாள். சத்தமே இல்லை.

"அதை உட்டுரு கோகிலா," என்றான் ஆனந்தகுமார். "நம்மூரு வெயிலுக்கு ஹீட்டர் ஓடுதான்னு எவன் வந்து கேக்கப்போறான்?"

நியாயமான பேச்சுதான். வெண்ணந்தூரில் மார்கழியிலும் மத்தியானம் வேர்க்கும். ஆனால் முந்தாநாள்தான் இதே மனுஷன், காருக்குள் ஒரு திருகாணிகூடக் குறையாக இருக்கக்கூடாது, பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள் என்று சொன்னான். வருஷக்கணக்காக நின்றுபோயிருந்த டேஷ்போர்டு கடிகாரத்தைக்கூடச் சேலத்துக்குக் கொண்டுபோய் ஓடவைத்தான். கடிகாரத்துக்கு அவ்வளவு பாடுபட்டவன் காற்றாடியை மட்டும் ஏன் விடச் சொல்கிறான்?

பாலீஷுக்குக் கொடுத்திருந்த பம்பரை வாங்க அவன் ராசிபுரம் கிளம்பினான். பைக்கின் சத்தம் ரோட்டு முக்கில் மறைந்ததும் டூல்ஸ் பெட்டியைத் திறந்தாள்.

முதலில் ஃப்யூஸ். உள்ளே கம்பி கருகியிருந்தது. புதியதைப் போட்டுக் குமிழை இழுத்தாள். அதுவும் உடனே போயிற்று.

ஃப்யூஸ் மறுபடி போனால் எங்கோ கரண்ட் அளவுக்கு மீறி இழுக்கிறது என்று அர்த்தம். ஒயர் எங்கேயாவது பாடியில் உரசுகிறதா, மோட்டாரே பழுதா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். மோட்டாருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, இன்னொரு ஃப்யூஸ் போட்டு, ஒயர் முனையில் டெஸ்ட் பல்பை வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃப்யூஸ் தாங்கியது. ஆக, ஒயரிலும் சுவிட்சிலும் குற்றமில்லை. மிச்சம் மோட்டார் ஒன்றுதான்.

காற்றாடியின் கூட்டைத் திருகு கழற்றி வெளியே எடுத்தாள். விரலால் சுற்றிப் பார்த்தாள். அசையவில்லை. எலி ஏதாவது கூடு கட்டியிருக்கும் என்று நினைத்து மூடியைப் பிரித்தாள்.

உள்ளே முழுக்க இலை.

காற்றாடியின் தகடுகளுக்கு நடுவில் இறுகித் திணிந்திருந்தன. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழைகிற சல்லடை வழியாக விழுந்து, காற்றாடி சுற்றியபோது உள்ளே இழுக்கப்பட்டவை. சுற்ற முடியாமல் நின்ற மோட்டார் கரண்டை இழுத்து இழுத்து ஃப்யூஸைத் தின்றிருக்கிறது. கோளாறு அவ்வளவுதான்.

ஒரு இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வேப்பிலை இல்லை, புளிய இலை இல்லை. சீப்புப்போலக் கிழிந்து கிழிந்து நீண்டிருந்தது. மேல்பக்கம் பழுப்பு. திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளி பூசியது மாதிரி மின்னியது.

சில்வர் ஓக். காப்பித் தோட்டத்துக்கு நிழலுக்காக வைக்கிற மரம். இந்தச் சமவெளியில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் ஆனந்தகுமார் அவளை ஏற்காட்டுக்கு அழைத்துப்போனபோது பார்த்தது.

அவள் எழுந்துபோய் இஞ்சின் பக்கம் குனிந்தாள். இஞ்சினிலிருந்து ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் குழாயில், அதைத் திறந்து மூட ஒரு சின்னத் திருகு உண்டு. மாமனார் இருந்தவரை அது எப்போதும் மூடியே இருக்கும். இப்போது அது முழுசாகத் திறந்திருந்தது. தானாகத் திறந்துகொள்கிற திருகு இல்லை அது. கையால் திருகினால்தான் உண்டு.

மலை ஏறும்போது பழைய இஞ்சின் கொதித்துவிடும். அப்போது அந்தத் திருகைத் திறந்து, ஹீட்டர் காற்றாடியையும் போட்டுவிட்டால் இஞ்சின் சூடு கொஞ்சம் காருக்குள் இறங்கும். உள்ளே இருப்பவருக்கு வேர்த்துக் கொட்டினாலும் கார் மேலே ஏறிவிடும். குமாரசாமி தம் பிள்ளைகள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்த உபாயம் அது. பெருமையாக மருமகளிடமும் சொல்லியிருக்கிறார்.

ரமேஷ்குமார் பார்த்தது இந்தக் காரைத்தான்.

ஆனந்தகுமார் திரும்பி வந்தபோது, இலைகளை ஒரு பழைய பேப்பரில் பரப்பி வைத்திருந்தாள். அவன் பம்பரைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பேப்பரைப் பார்த்தான். பார்த்த உடனே கண்ணை எடுத்துக்கொண்டான்.

"காத்தாடிக்குள்ள கெடந்துச்சுங்க," என்றாள்.

அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் நின்ற காராயிற்றே, அப்போது விழுந்ததாக இருக்கும் என்றான் அவன்.

கோகிலவாணி ஒரு இலையை எடுத்து அவன் முன்னால் இரண்டாக மடித்தாள். வளைந்ததே தவிர நொறுங்கவில்லை.

"நாப்பது வருசத்து இலை இப்புடி மடங்குமாங்க?"

அவன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். யாரோ கூப்பிட்டதுபோலப் பேசிக்கொண்டே தறிக்கூடத்தின் பின்பக்கம் போய்விட்டான். ஃபோன் அடித்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.



புதன்கிழமைகள் நினைவுக்கு வந்தன. புதன்கிழமை ஆனால் அவனுக்குச் சூரமங்கலத்தில் வேலை. ரயிலில் வரும் நூல் பார்சலை எடுக்கவேண்டும், பார்ட்டியைப் பார்க்கவேண்டும் என்பான். அன்றைக்கெல்லாம் மத்தியானத்துக்கு மேல் ஃபோன் கிடைக்காது. ஸ்டேஷன் பக்கம் டவர் சரியில்லை என்பான். ஆயிரம் பேர் ஃபோனும் கையுமாக நிற்கிற ஜங்ஷனில் இவனுக்கு மட்டும் டவர் இல்லை என்பதை அவள் எப்படி இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்?

மலைமேல் யார் இருக்கிறார்கள்? தனியாகப் போகிறவனுக்குப் பைக் போதுமே. ஏன் கார்?

கூட யாரோ போகிறார்கள். அதற்குத்தான் கார். அந்த எண்ணத்தை அடக்குவதற்காகவே வேலையில் இறங்கினாள். காற்றாடியைத் துடைத்து, மோட்டார் அச்சில் எண்ணெய் விட்டு, திரும்பக் கூட்டில் பொருத்தினாள். உள்பக்க ஒயரை இணைக்க முன்சீட்டின் காலடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்தாள்.

கன்னத்துக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது. ஒரு வரிசை, கால்மிதியின் அடிக்குள் போய்க்கொண்டிருந்தது. கால்மிதியைத் தூக்கினாள். பாதி உடைந்த ஒரு கம்பு மாவு உருண்டை. வெல்லமும் ஏலக்காயும் போட்டது.

கோகிலவாணி எழுந்து உட்கார்ந்தாள்.

அந்த வீட்டில் கம்பு உருண்டையை யாரும் விரும்பித் தின்றதில்லை, ஒருவனைத் தவிர. மாரக்காள் போன வாரம் உட்கார்ந்து அத்தனையையும் பிடித்தது அவனுக்காகத்தான். ஆட்டையாம்பட்டிப் பையன் ஒருவன் சார்ஜா போகிறான், அவனிடம் கொடுத்துவிட்டேன் என்று மாமியார் சொன்னார். டப்பாவில் போட்டு மூடிக் கட்டியது இலக்கியா. அவளே மூடிமேல் கணவன் பெயரை எழுதி ஒட்டினாள்.

அந்த டப்பா சார்ஜாவுக்குப் போகவில்லை. இந்தக் காரில் மலைக்குப் போயிருக்கிறது.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அவள் பயந்தது நடக்கவில்லை, வேறு பெண் இல்லை. அடுத்த நிமிஷமே அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நேற்றுச் சாயங்காலமும் இலக்கியா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பொங்கலுக்கு அவர் லீவு கிடைத்து வந்தால் எங்க அறைக்கு வெள்ளையடிக்கலாமாக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனந்தகுமார் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அடிக்கலாமே என்று அவனும் சொன்னான்.

வீட்டுக்கு அவள் நடந்தே வந்தாள். மாரக்காள் சமையல்கட்டில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் கீழே உட்கார முடியாமல் நாற்காலி போட்டிருந்தார். கோகிலவாணி ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தை, உருண்டை சார்ஜா போய்ச் சேந்துருச்சுங்களா?"

"சேந்துருச்சு கண்ணு. நல்லா இருந்துச்சுன்னான்."

"வழியில ஒண்ணு உழுந்துருச்சு போலீங்க." அவள் கையைத் திறந்து காட்டினாள். "நம்ம காருல கெடந்துச்சு."

முறம் நின்றது. மாரக்காள் அந்த உடைந்த உருண்டையையே பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. இலக்கியாவுக்குச் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம், மத்தியானம்தான் வருவாள்.

"ஆனந்தன் சொன்னானா?"

"அவரு ஒண்ணுஞ் சொல்லல. நீங்க சொல்லுங்க. சின்னவரு எங்கீங்க?"

மாரக்காள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். இளஞ்செழியன் சித்திரையிலேயே திரும்பிவிட்டான். அங்கே மிஷினில் வலது கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, வேலையும் போய், கோயமுத்தூரில் வந்து இறங்கி அண்ணனுக்கு மட்டும் ஃபோன் பண்ணியிருக்கிறான். ஏற்காட்டில் கூடப்படித்தவன் ஒருவன் எஸ்டேட்டில் மேனேஜராக இருக்கிறான். அவன் கொடுத்த ஒரு வீட்டில் தங்கி அங்கேயே கணக்கு வேலை பார்க்கிறான். இந்தக் கையோடு இலக்கியா முன்னால் நிற்கமாட்டேன் என்று அம்மாவிடமும் அண்ணனிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான். முழங்கால் வலியோடு பஸ்ஸில் மலையேற மாரக்காளால் முடியாது. வாடகைக் காரில் போனால் டிரைவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். அதனால் மருமகள்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, தறிக்கூடத்துப் பின்பக்க ரோட்டு வழியாகப் பச்சைக் காரில் ஆனந்தன் அவரைக் கூட்டிப்போவான்.

"நானா ஒரு நாளைக்கு வருவேன், அதுவரைக்கும் பொறுத்துக்கம்மான்னான். பெத்தவ என்ன பண்ணுவேன் சாமி?"

கோகிலவாணிக்கு மாமியார்மேல் இரக்கம் வந்தது. ஆனால் முழுசாக நம்பத்தான் முடியவில்லை. இலக்கியாவை அவளுக்குத் தெரியும். இரண்டு விரலுக்காக முகம் திருப்புகிற பெண் இல்லை அவள். அது இளஞ்செழியனுக்கும் தெரியும். சித்திரையிலிருந்து இத்தனை மாசம் ஒருவன் ஒளிந்திருக்க அந்தக் காரணம் போதுமா? மாமியார் பேசும்போது ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேறெதுவும் இல்லீங்களா அத்தை?"

மாரக்காளின் கண் கோகிலவாணியைத் தாண்டி நிலைப்படிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

இலக்கியா நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை, கையில் செருப்பு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அழுவாள் என்று கோகிலவாணி எதிர்பார்த்து எழுந்தாள். அவள் அழவில்லை. செருப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"முந்தாநாள் ராத்திரி பேசறப்ப மழைச் சத்தம் கேட்டுச்சுங்க்கா," என்றாள். "தகரத்து மேல பெய்யுற மாதிரி. அங்க மழையாங்கன்னு கேட்டேன். ஏசி சத்தம்னாரு. கம்பெனிக்குள்ள வீடியோ கூடாதுன்னு சொல்ல ஆரம்பிச்சதும் சித்திரையிலதான். நாந்தான் கிறுக்கச்சியாட்டம் ஏதேதோ நெனைக்கறனோன்னு இருந்தேன்."

மாரக்காள் கையை நீட்டி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவள் போகவில்லை. தன் அறைக்குப் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது தோள்பை கனத்திருந்தது, மாற்றுச்சேலையின் ஓரம் எட்டிப் பார்த்தது.

பயறு முறத்திலேயே கிடந்தது. சாப்பிடக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் வாசலில் ஹாரன் கேட்டது. பம்பர் மாட்டிய பச்சைக் காரை எல்லாரும் பார்க்கட்டும் என்று ஆனந்தகுமார் வீட்டுக்கே ஓட்டி வந்திருந்தான். இறங்கி இரண்டு எட்டு வைத்தவன், வாசலில் நின்ற மூன்று பெண்களையும் பார்த்து நின்றுவிட்டான்.

இலக்கியா முன்னால் போனாள். கணவனின் அண்ணனிடம் அவள் நேருக்கு நேர் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"மாமா, வண்டியைத் திருப்புங்க. போலாம்."

எங்கே என்று அவன் கேட்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவனோடு பேசவேண்டியது அவளுக்கு நிறைய இருந்தது. அது இப்போது இல்லை. இலக்கியாவைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை, தன் புருஷனோடு அனுப்புவதில் நம்பிக்கையுமில்லை.

இலக்கியா பின்சீட்டில் ஏறப்போனாள். அப்போதுதான் மாரக்காள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கி வந்தார். முழங்கால் வலியை மறந்த வேகம்.

"ஆனந்தா, போறதுக்கு முன்னால அவனுக்கு ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லிரு. சொல்லாம கொள்ளாம போயி நிக்க வேண்டாம்."

இடது கையில் அவருடைய ஃபோன் இருந்தது. கட்டைவிரல் ஏற்கெனவே அதன்மேல் தேடிக்கொண்டிருந்தது.

விரல் போனவனுக்கு முன்கூட்டிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கோகிலவாணி யோசித்தாள். இலக்கியாவும் அதையே யோசித்திருக்கவேண்டும். காருக்குள் வைத்த காலைக் கீழே எடுத்தாள். மாமியாரிடம் திரும்பி வந்து, அந்த ஃபோனைப் பதமாக, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஆனந்தகுமாரிடம் கையை நீட்டினாள்.

"உங்களதும் குடுங்க மாமா."

அவன் தயங்கினான். சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்காமலே எடுத்து அவள் கையில் வைத்தான்.

இலக்கியா பார்த்தாள். திரையில் பெயர் இல்லை, வெறும் எண்தான். பச்சைப் பொத்தானை அழுத்தி, ஒரு வார்த்தையும் பேசாமல் காதில் வைத்துக்கொண்டாள்.

மறுமுனையில் கேட்டது இளஞ்செழியனின் குரல் இல்லை. "மாமா, உங்க தம்பி பேசணுங்கறாருங்க," என்றாள் ஒரு பெண்.